முதல் போட்டியில் டோட்டல் போடுங்கள்: பினாங்கில் பளுதூக்கத் தொடங்குபவர்களுக்கு

பினாங்கில் பளுதூக்கும் கிளப் என்றதும் பெரிய கட்டடத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலும் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம், இல்லையென்றால் ஏதாவது மண்டபத்தின் பின்பக்கம். இரண்டு மேடை, நாலைந்து பார் (எடைத் தட்டு மாட்டும் இரும்புத் தண்டு), சுவரோரம் அடுக்கிய ரப்பர் தட்டுகள், ஒரு கோச், அவரைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் வேலை முடிந்து வரும் பெரியவர்களுமாய் ஒரு சிறு கூட்டம். அவ்வளவுதான். அப்படி ஒரு கிளப்பில் போட்டி நாளன்று பேப்பரும் பென்சிலும் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுகிறவன் நான். தூக்குவது பிள்ளைகள், சொல்லிக்கொடுப்பது கோச். அதனால் நுட்பத்தைப் பற்றிக் கொஞ்சமும், போட்டியைப் பற்றி அதிகமும் எழுதப் போகிறேன்.

முதல் போட்டியில் யாரையும் தோற்கடிக்க வேண்டாம். ஸ்னேட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டு வகைத் தூக்கிலும் ஒவ்வொன்றை நடுவர்கள் ஒத்துக்கொள்ளும்படி தூக்கி, உங்கள் பெயருக்கு நேராக ஒரு டோட்டல், அதாவது இரண்டின் கூட்டுத்தொகை, விழுந்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழி.

எந்த விளையாட்டு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஜிம்மில் நாலு பேரைக் கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும் பவர்லிஃப்டிங். கண்ணாடி முன் நின்று உடலைக் காட்டுவது பாடிபில்டிங். ஒலிம்பிக்கில் இருக்கும் பளுதூக்குதலில் இரண்டே தூக்குகள். தரையிலிருந்து ஒரே இழுப்பில் பாரைத் தலைக்கு மேல் கொண்டுபோனால் ஸ்னேட்ச். முதலில் தோளுக்குக் கொண்டுவந்து எழுந்து நின்று, அங்கிருந்து தலைக்கு மேல் எறிந்து பிடித்தால் கிளீன் அண்ட் ஜெர்க். ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சிகள். இரண்டிலும் உங்கள் சிறந்த எடையைக் கூட்டினால் வருவது டோட்டல்.

மலேசியாவுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் 55 கிலோவில் அனிக் காஸ்டானும் 61 கிலோவில் அஸ்னில் பிடினும் தங்கம் வென்றார்கள். நம் ஆட்களுக்கு இது சரிப்படுமா என்று கேட்கும் மாமாக்களுக்கு ஒரு தகவல்: வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோவில் தங்கம் வாங்கியவர்.

கிளப்பில் எதைப் பார்ப்பது

போய் ஒரு மாலை சும்மா உட்கார்ந்து பாருங்கள். காசு கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பாரின் இரு முனைகளும் சுலபமாகச் சுழல்கின்றனவா? சுழலாத பாரில் கிளீன் செய்தால் மணிக்கட்டு தாங்காது. தட்டுகளைக் கீழே போட விடுகிறார்களா? மேலிருந்து போடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கும் ஜிம்மில் இந்த விளையாட்டைக் கற்கவே முடியாது. பாரை விட்டு விலகத் தெரிவதுதான் இதில் முதல் பாதுகாப்பு.

எல்லாவற்றையும் விட முக்கியம், கோச் யாரைப் பார்க்கிறார் என்பது. பெரிய எடை தூக்கும் ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டு, புதுப் பிள்ளைகளை மூலையில் விட்டுவைக்கும் இடத்தில் சேர வேண்டாம். புதிதாக வந்தவர் கையில் வெறும் குழாயைக் கொடுத்து, அவரோடு நின்று பொறுமையாகப் பேசும் கோச் கிடைத்தால், கூரை ஒழுகினாலும் அங்கேயே சேருங்கள்.

இன்னொரு கேள்வியையும் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்: கிளப் மாநிலச் சங்கத்தோடு சேர்ந்ததா? போட்டிக்குப் பெயர் கொடுப்பது பொதுவாகக் கிளப் வழியாகத்தான். பின்னால் சுக்மா (மலேசிய விளையாட்டுப் போட்டி) வரை போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மாநிலத்தின் தெரிவுக்குழு கண்ணில் படுவது முக்கியம்.

காலணி, உடை, சாக்

ஓடுவதற்கான காலணி வேண்டாம். அதன் மெத்தென்ற அடிப்பாகம் எடையின் கீழ் நசுங்கி உங்களை ஆட்டிவிடும். தட்டையான, கெட்டியான அடிப்பாகம் உள்ள சாதாரண கான்வாஸ் காலணி தொடங்குவதற்குப் போதும். குதிகால் உயர்ந்த பளுதூக்கும் காலணி விலை அதிகம். மூன்று மாதம் ஒழுங்காக வந்த பிறகு வாங்கினால் போதும். முதல் வாரமே வாங்கிவிட்டு இரண்டாம் மாதம் காணாமல் போனவர்களின் காலணிகள் எங்கள் கிளப்பில் பரம்பரைச் சொத்தாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

சாக், அதாவது மக்னீசியம் கார்பனேட் பொடி, கிளப்பிலேயே இருக்கும். பினாங்கின் புழுக்கத்தில் அது ஐந்து நிமிடத்தில் பிசுபிசுத்துவிடும். முதலில் துண்டால் கையை நன்றாகத் துடைத்து, பிறகு பூசுங்கள். பயிற்சி முடிந்ததும் பாரில் ஒட்டிய சாக்கைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது உங்கள் வேலை. கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் பார் சீக்கிரம் துருப்பிடிக்கும். புது பார் வாங்கும் வசதி சின்ன கிளப்புக்குக் கிடையாது.

போட்டியில் உடலோடு ஒட்டிய, கழுத்துப்பட்டை இல்லாத உடை கட்டாயம். முழங்கையும் முழங்காலும் மூடப்படக் கூடாது என்பது அடிப்படை விதி, கை முழுசாக நிமிர்ந்ததா என்று நடுவர் பார்க்க வேண்டுமே. அந்த உடையைப் போட்டு மேடையேறப் பல பெண்கள் தயங்குவார்கள், அம்மாக்கள் இன்னும் அதிகமாகத் தயங்குவார்கள். உள்ளே டீ-ஷர்ட்டும் குட்டைக் கால்சட்டையும் போடலாம். 2011இலிருந்து உடல் முழுவதும் மூடும், தோலோடு ஒட்டிய உள்ளுடைக்கும் சர்வதேச விதி இடம் கொடுக்கிறது. ஆகவே உடைக்காக யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. இடுப்பு பெல்ட் 12 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. ஜிம் கடையில் வாங்கும்போது அளந்து பாருங்கள்.

முதல் மாதங்கள்

குழாய், பிறகு இலகுவான பயிற்சிப் பார், பிறகு போட்டிப் பார். ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. பெண்கள் பார் கொஞ்சம் மெலிசு, 25 மில்லிமீட்டர். ஆண்களுடையது 28. தட்டுகளை எண்ணைப் பார்க்காமல் நிறத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளப் பழகுங்கள்: சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. போட்டியில் தட்டுகள் கழலாமல் இரு பக்கமும் மாட்டும் காலர் ஒவ்வொன்றும் 2.5 கிலோ, அதுவும் கணக்கில் சேரும்.

கட்டைவிரலைப் பாரோடு சேர்த்து வைத்து அதன் மேல் மற்ற விரல்களை மடக்கிப் பிடிக்கும் ஹூக் கிரிப் முதல் இரண்டு வாரம் உயிரை எடுக்கும். கட்டைவிரலில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். பெரிய எடை வந்த பிறகு பிடியை மாற்றுவது இதைவிடப் பெரிய வேதனை.

வாரத்தில் மூன்று நாள் போதும். ஸ்னேட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், முன்னும் பின்னும் பார் வைத்து ஸ்குவாட் (குந்தி எழுவது), கொஞ்சம் இழுப்புகள் (பாரைத் தரையிலிருந்து இழுத்து, தலைக்கு மேல் கொண்டுபோகாமல் விடுவது). ஒவ்வொரு செட்டிலும் ஒன்றிலிருந்து ஐந்து தூக்குகள், அதற்கு மேல் போகாது. வியர்வை சொட்டச் சொட்டப் பயிற்சி செய்தால்தான் பயன் என்று பழகியவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும். ஒரு தூக்கு, இரண்டு நிமிட ஓய்வு, கோச் சொன்ன ஒரே ஒரு திருத்தம், மறுபடி ஒரு தூக்கு. இந்த விளையாட்டின் வேகமே அப்படித்தான்.

வீட்டில் வரும் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில்: கண்காணிப்போடு செய்யும் எடைப் பயிற்சியால் பிள்ளைகளின் வளர்த்தி நிற்பதில்லை. பெண் பிள்ளைகள் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவதும் இல்லை. முதுகு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் மட்டும் அன்றைக்கே கோச்சிடம் சொல்லுங்கள், தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள்.

பெயர் கொடுப்பதும் எடைப் பிரிவும்

"இன்னும் கொஞ்சம் பலமானதும் போட்டிக்குப் போகிறேன்" என்பவர்கள் போவதே இல்லை. பலத்தைப் பார்க்காதீர்கள். ஒரே மாலையில் மூன்று ஸ்னேட்ச், மூன்று கிளீன் அண்ட் ஜெர்க்கை விதிப்படி செய்ய முடிகிறதா? கோச் தலையாட்டினால் பெயர் கொடுத்துவிடலாம். ஒழுங்காக வருபவர்களுக்கு நாலைந்து மாதத்தில் அந்த நிலை வந்துவிடும்.

படிவத்தில் ஐசி (அடையாள அட்டை) விவரம், பிறந்த ஆண்டு, எடைப் பிரிவு, எதிர்பார்க்கும் டோட்டல் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து. டோட்டலை உண்மையாக எழுதுங்கள். சர்வதேச விதிப்படி, போட்டி நாளில் நீங்கள் சொல்லும் இரண்டு தொடக்க எடைகளின் கூட்டுத்தொகை, படிவத்தில் எழுதியதைவிட 20 கிலோவுக்கு மேல் குறையக் கூடாது. பெருமைக்கு 150 என்று எழுதிவிட்டு 110இல் ஆரம்பிக்க முடியாது.

எடைப் பிரிவுகளை மனப்பாடம் செய்யாதீர்கள், மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 2018இல் ஒரு தடவை, 2025 ஜூனில் ஒரு தடவை முழுசாக மாறின. அனிக் தங்கம் வென்ற 55 கிலோ பிரிவு அந்த 2025 பட்டியலில் இல்லை, பெரியவர் பிரிவில் ஆண்களுக்கு 60இலிருந்துதான் தொடங்கியது. படிவத்தோடு வரும் பட்டியலை மட்டும் நம்புங்கள்.

முதல் போட்டிக்கு எடை குறைக்கவே குறைக்காதீர்கள். ஒரு கிலோ குறைத்தால் கீழ்ப் பிரிவு பக்கத்தில் இருக்கிறதே என்று பட்டினி கிடக்க வேண்டாம். மேல் பிரிவில் போட்டியிடுங்கள். தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடி வியர்வை வடித்துவிட்டு, மேடையில் கால் நடுங்கும் பிள்ளைகளை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம். பதக்கம் நிச்சயம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கான விஷயம் அது.

விரதம், மருந்து

நம் வீடுகளில் மட்டும் வரும் ஒரு சிக்கல் தைப்பூசம். விரதம் இருப்பவர்கள் அதைக் கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தமிழர் அல்லாத கோச்சாக இருந்தால் விளக்கியும் சொல்லுங்கள். விரத நாட்களில் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. எடையையும் செட்டுகளையும் குறைத்து நுட்பத்தில் கவனம் வைக்கலாம். பருப்பு, கொண்டைக்கடலை, தௌஹு, தெம்பே, பால், தயிர் என்று புரதத்துக்கு வழி நிறைய இருக்கிறது. வெறும் சோறும் ரசமும் போதாது. பால்குடமோ காவடியோ எடுத்து, சூடான தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து, தண்ணீர்மலையின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறியவருக்கு அடுத்த வாரம் போட்டி வைத்தால் உள்ளங்காலே ஒத்துழைக்காது. தைப்பூசத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று வாரம் விட்டுப் பெயர் கொடுங்கள்.

மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஊக்கமருந்துச் சோதனை பெரிய வீரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இந்த விளையாட்டின் பெயர் உலக அளவில் கெட்டதே அதனால்தான். மலேசியாவில் இதைக் கவனிப்பது அடாமாஸ் என்ற அமைப்பு. சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் அளவுக்கு மேல் உடம்பில் இருந்தால் குற்றம். சக்தி தரும் என்று விற்கும் காப்பிப் பொடி, பெயர் தெரியாத லேகியம், நண்பன் கொடுத்த ப்ரீ-வொர்க்அவுட் டப்பா எதுவும் வேண்டாம். டாக்டரிடம் போனால் "நான் போட்டியில் கலந்துகொள்கிறேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். "எனக்குத் தெரியாது" என்ற பதில் இதில் செல்லாது.

தொடக்க எடை

போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சி பாதியாகக் குறையும். கையும் காலும் சும்மா இருந்து துறுதுறுக்கும், ஒன்றும் செய்யாதீர்கள். அந்த வாரம் முடிவு செய்ய வேண்டியது தொடக்க எடையைத்தான்.

தூக்கம் இல்லாமல், வயிறு சரியில்லாமல், எரிச்சலோடு வந்த ஒரு நாளிலும் உங்களால் தூக்க முடிந்த எடை எதுவோ அதுதான் தொடக்க எடை. உங்கள் சிறந்த ஸ்னேட்ச் 60 என்றால் 53இல் தொடங்குங்கள். அடுத்து 57, மூன்றாவதில் 60 அல்லது 61. ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் எங்கள் கிளப்பில் நடக்கும் உரையாடல் இது:

"அண்ணே, 57ல ஆரம்பிக்கவா? நேத்து ஈஸியா இருந்துச்சு."

"வேணாம்லா தம்பி. 53 போடு."

"பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

"மூணு செவப்பு லைட் வந்தா இன்னும் நல்லா சிரிப்பாங்க."

நடுவரின் சிவப்பு விளக்கு என்றால் தூக்கு செல்லாது என்று அர்த்தம். இந்த விளையாட்டில் எடை ஏறத்தான் செய்யும், இறங்காது. 57இல் தொடங்கித் தவறவிட்டால் 55க்குத் திரும்ப முடியாது. அதே 57ஐ மறுபடி, அதையும் விட்டால் இன்னொரு தடவை. மூன்றும் போனால் டோட்டல் இல்லை. புதியவர்கள் அப்படிப் போவதற்குப் பலக்குறைவு காரணமாக இருப்பதில்லை. பெரும்பாலும் தொடக்க எடைதான் காரணம்.

போட்டி நாள் காலை

கோலாலம்பூரில் போட்டி என்றால் முதல் நாளே போய்விடுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் சுமார் நாலு மணி நேரம். வேனில் போனால் வழியில் ஓய்வுநிலையக் கடைகள் கூப்பிடும், பிரிவின் எல்லையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவும்.

எடை பார்ப்பது உங்கள் சுற்று தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஆரம்பித்து ஒரு மணி நேரம் நடக்கும். ஐசியை மறக்காதீர்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார்கள், பெண்களுக்குப் பெண் அதிகாரிகள். எடை எழுதியதும் இரண்டு தொடக்க எடைகளையும் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பதற்றத்தில் ஸ்னேட்ச்சுக்கும் ஜெர்க்குக்கும் எண்ணை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

வெளியே வந்ததும் சாப்பிடுங்கள். தெரிந்த சாப்பாடாக இருக்கட்டும்: வாழைப்பழம், காயா ரொட்டி, இரண்டு இட்லி, கொஞ்சம் 100 பிளஸ் பானம். மூன்று வகைக் குழம்பு ஊற்றிய நாசி கண்டார் ஜெர்க் முடிந்த பிறகு.

வார்ம்-அப் அறையில் கணக்கு

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கிளப்பில் பயிற்சி செய்யும்போது உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது தூக்குகிறீர்கள். போட்டியில் எப்போது தூக்குவீர்கள் என்பதை மற்றவர்களின் எடைகள்தான் தீர்மானிக்கும். சீக்கிரம் தயாராகிவிட்டால் உடம்பு ஆறிப்போகும், தாமதித்தால் பாதி வார்ம்-அப்போடு மேடையேறுவீர்கள்.

வரிசை எப்படி என்றால், குறைந்த எடை கேட்டவர் முதலில். இரண்டு பேர் ஒரே எடை கேட்டால், குறைவான முயற்சி செய்தவர் முதலில். அதாவது முதல் முயற்சிக்காரர், இரண்டாம் முயற்சிக்காரருக்கு முன். அதுவும் சமமென்றால் முந்தின முயற்சியை யார் முன்னால் செய்தாரோ அவர். பிறகு குலுக்கலில் வந்த எண்.

ஒரு உதாரணம் போடுவோம். நீங்கள் 50இல் தொடங்குகிறீர்கள். உங்களுக்குக் கீழே மூன்று பேர்: 40, 44, 47. முதலாமவர் 40, 43, 46 என்று போவார் என்று வையுங்கள். மூன்றும் உங்களுக்கு முன். இரண்டாமவர் 44, 47. அடுத்து 50 கேட்டாலும் அது அவருக்கு மூன்றாவது முயற்சி, உங்களுக்கு முதல், ஆகவே நீங்கள்தான் முன்னால். அவர் கணக்கில் இரண்டு. மூன்றாமவர் 47 தூக்கிவிட்டு 50க்கோ 51க்கோ போவார், அவர் கணக்கில் ஒன்று. மொத்தம் ஆறு முயற்சிகள் உங்களுக்கு முன்னால் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் நிமிடம் வைத்தால் ஏழெட்டு நிமிடம்.

மேடையில் மூன்று முயற்சிகள் நடந்தால் வார்ம்-அப்பில் ஒரு தூக்கு. இந்த விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி வார்ம்-அப் 46 என்று வைத்தால், உங்களுக்கு முன் மூன்று முயற்சிகள் மீதி இருக்கும்போது அதைத் தூக்க வேண்டும். அதற்கு முந்தின 42, ஆறு மீதி இருக்கும்போது, அதாவது சுற்று தொடங்கும் அதே நேரத்தில். 37 அதற்கும் முன்னால், வீரர்களை அறிமுகம் செய்து முடித்து உள்ளே அனுப்பியவுடன். வெறும் பாரும் 30 கிலோவும் அறிமுகத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பேப்பரில் பின்னாலிருந்து முன்னால் எழுதினால் இது தானாக வரும்.

எழுதிவிட்டோமே என்று உட்கார்ந்துவிட முடியாது. 40காரர் தவறவிட்டால் அதே எடையை அவரே மறுபடி தூக்குவார். ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை தூக்கும்போது ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் கொடுப்பார்கள், உங்கள் நேரம் நீளும். 47காரர் திடீரென்று தொடக்கத்தை 52ஆக மாற்றினால் உங்களுக்கு முன் ஒரு முயற்சி குறைந்துவிடும், உடனே பாரை எடுக்க வேண்டும். மாற்றங்கள் பலகையில் வரும்போது பார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்களாக இருக்கக் கூடாது. கிளப்பில் கோச் ஒருவர்தான் என்றால், அவர் பாரில் எடை மாட்டுவாரா, பலகையைப் பார்ப்பாரா, அதிகாரிகளின் மேசைக்கு ஓடி எடை மாற்றச் சொல்வாரா? அக்காவோ அண்ணனோ பெருக்கல் தெரிந்த யாராவதோ கூட வரட்டும். முதல் தடவை போகிறவருக்குப் புதுக் காலணியைவிட இது உதவும்.

நீண்ட காத்திருப்பு வந்துவிட்டால், கடைசி வார்ம்-அப் எடையில் இழுப்பு மட்டும் ஒன்று செய்யுங்கள். முழுத் தூக்கை மறுபடி செய்து பலத்தைச் செலவழிக்காதீர்கள்.

மேடையில்

பெயரைக் கூப்பிட்டதும் ஒரு நிமிடம் ஓடும். 30 விநாடி மீதி இருக்கும்போது மணி அடிக்கும். நிமிடம் முடிவதற்குள் பார் தரையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆகவே சாக் பூச அவசரம் வேண்டாம், உறைந்துபோய் நிற்கவும் வேண்டாம். தொடையில் எண்ணெயோ முகப்பவுடரோ பூசியிருந்தால் துடைக்க அனுப்புவார்கள். பவர்லிஃப்டிங்கிலிருந்து வருபவர்கள் கவனிக்கவும்.

நடுவர்கள் மூன்று பேர். இரண்டு வெள்ளை விளக்கு வந்தால் தூக்கு செல்லும். சிவப்பு வாங்கித் தரும் தவறுகளில் முதலிடம், முழங்கை வளைந்த நிலையில் பாரைப் பிடித்துப் பிறகு அழுத்தி நிமிர்த்துவது. பிறவியிலேயே முழங்கை முழுசாக நிமிராதவர்கள் போட்டிக்கு முன் நடுவர்களிடம் காட்டிவிடுங்கள். அடுத்து, கிளீனில் குந்தி உட்காரும்போது முழங்கை தொடையில் இடிப்பது. அப்புறம் எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல் தருவது, நன்றாகத் தூக்கிவிட்டு நடுவர் சைகைக்கு முன்பே பாரை இறக்கிவிடுவது. பாதங்கள் ஒரே கோட்டில், உடல் அசையாமல் நின்று, நடுவர் கை இறங்கும் வரை காத்திருங்கள். பிறகும் தலைக்கு மேலிருந்து கையை விட்டுவிடக் கூடாது. தோளுக்குக் கீழ் வரும் வரை பாரோடு கை வர வேண்டும். இதையெல்லாம் பயிற்சியில் ஒவ்வொரு தூக்குக்கும் செய்தால்தான் மேடையில் தானாக வரும். கோச் கையை இறக்கும் வரை எங்கள் பிள்ளைகள் பயிற்சியில்கூடப் பாரைப் போடுவதில்லை.

வந்திருக்கும் குடும்பத்தாருக்கு: பிள்ளை மேடையேறும்போது கத்துங்கள், பாரைத் தொட்டுக் குனிந்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள். கேமரா ஃபிளாஷ் வேண்டாம்.

ஜெர்க்கும் ஒரு கிலோவும்

ஸ்னேட்ச் முடிந்து பத்து நிமிட இடைவேளை. மூன்றும் நன்றாகப் போனால் கொண்டாட ஆரம்பித்துவிடுவார்கள், இல்லையென்றால் அழ ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டுக்கும் நேரமில்லை. ஒரு வாய் இனிப்பு, கொஞ்சம் தண்ணீர், மறுபடி பேப்பர். இந்த முறை வார்ம்-அப் தூக்குகள் குறைவாக இருக்கட்டும். உடம்பு ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும், கிளீன் அண்ட் ஜெர்க் அதிகமாகக் களைப்பைத் தரும்.

ஒரு முயற்சி வென்றவுடன் பலகையில் தானாக ஒரு கிலோ கூடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உடனே மேசைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு தடவை எடையை மாற்றலாம், அந்த 30 விநாடி மணிக்கு முன்பு. அனுபவசாலிகள் இதை வைத்து எதிராளியின் ஓய்வு நேரத்தோடு விளையாடுவார்கள். முதல் போட்டியில் உங்களுக்கு அந்த ஆட்டம் வேண்டாம். ஆனால் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பர்மிங்காம் நல்ல சாட்சி. ஸ்னேட்ச்சில் அனிக் 107, இந்தியாவின் சங்கேத் சர்கர் 113. சர்கர் ஜெர்க்கில் 135 தூக்கி 248இல் நின்றார். அடுத்த முயற்சியில் முழங்கையில் அடிபட்டது. அனிக் 141 தூக்கியிருந்தால் சமம்தான் ஆகியிருக்கும், சமமென்றால் அந்த டோட்டலை முதலில் எட்டியவருக்கே முன்னிடம். ஆகவே தேவைப்பட்டது 142. அதைத் தூக்கினார், 249. 

உங்கள் மூன்றாவது ஜெர்க்குக்கு வருவோம். டோட்டல் ஏற்கெனவே கையில் இருந்தால், அதுவரை தூக்காத எடையை அங்கே கேட்கலாம். இரண்டு கிலோ கூட, மூன்று கிலோ கூட. முதல் இரண்டையும் தவறவிட்டிருந்தால் ஒரு கிராம்கூட ஏற்றாதீர்கள், அதே எடையையே மறுபடி.

முடிந்த பிறகு

முடிவுத் தாளைப் படம் எடுத்து வையுங்கள். ஆறு முயற்சிகளும், உங்கள் உடல் எடையும், எது வெள்ளை எது சிவப்பு என்பதும் அதில் இருக்கும். அடுத்த போட்டிப் படிவத்தில் எழுத வேண்டிய டோட்டல் இதுதான். வார்ம்-அப் பேப்பரையும் தூக்கிப்போடாதீர்கள். எந்த இடத்தில் அவசரப்பட்டோம், எங்கே ஆறிப்போனோம் என்று அதில்தான் தெரியும்.

அந்த வாரம் இலகுவாக இரண்டு நாள் ஸ்குவாட் போதும். அடுத்த போட்டியை மூன்று மாதத்துக்கு முன்னால் வைக்காதீர்கள். அதற்கு முன்னால் வேறொரு சுற்றில் தட்டு மாட்டும் வேலைக்கு ஆள் தேடுவார்கள், போய் நில்லுங்கள். வரிசை எப்படி நகர்கிறது என்பது பாரின் பக்கத்தில் நின்றால் நன்றாகப் புரியும், மதியச் சாப்பாடும் கொடுப்பார்கள்.